மகாராஜாவின் மூச்சுக்கு ஒரு பச்சைப் புள்ளி

மகாராஜாவைப் பற்றி வேல்விழிக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்க மாட்டார்களா? அவன் அவளுக்குத் தாய்மாமன் மகன். அவள் அம்மாவும் அவன் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி வளர்ந்ததுகள் இரண்டும். ஏழு வயதில் அவன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டபோது, தண்ணீருக்குள் தடவி அந்தப் பல்லை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அப்படிப்பட்டவளுக்கு, தை மாதம் கல்யாணம் முடிந்து, ஒரகடத்துக்குப் பக்கத்தில் லீலாக்காவின் வரிசை வீட்டில் மூன்றாவது கதவுக்குக் குடிவந்து, மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு சங்கதி தெரிந்தது. தூக்கத்தில் மூச்சு விடும் விஷயத்தில் அத்தானை நம்ப முடியாது.

மூன்று மாதம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டால், அதற்கு ஷிப்ட் என்று பெயர். வேல்விழி காருக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் காலை ஷிப்ட். மகாராஜா லாரிக்கு அச்சு செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்ட். அவள் கம்பெனி பஸ் போகும், அவன் கம்பெனி பஸ் வரும். இரண்டும் ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் ஒன்றையொன்று கடக்கும். புது மாப்பிள்ளையும் புதுப் பெண்ணும் கையாட்டிக்கொள்ள அந்த ஒரு இடம்தான். அவள் இந்த ஜன்னலில் இருந்து ஆட்டுவாள். அவன் அந்த ஜன்னலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். ‘பாவம், வேலைக் களைப்பு’ என்று அவளும் நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமையாவது சேர்ந்திருக்கலாம் என்றால், அவனுக்கு ஓ.டி. வரும், ஓ.டி. வராத ஞாயிறு ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது வருவார்கள்.

சித்திரையில் தேர்தல் வந்தது. இரண்டு பேரும் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குப் போய், ஒரே பள்ளிக்கூடத்தில் முன்னும் பின்னும் நின்று ஓட்டுப் போட்டு, விரலில் மையோடு திரும்பினார்கள். திரும்பிய மறுநாள் வேல்விழியின் லைனில் மிஷின் பழுது என்று மூன்று நாள் லீவு விட்டார்கள். கல்யாணமாகி முதல் தடவையாக, அவன் தூங்கும் பகலில் அவள் வீட்டில் இருந்தாள்.

மணி பதினொன்று. வெளியே வெயில் தகித்தது. மகாராஜா மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. முதலில் சிறு குறட்டை, பிறகு பெருங்குறட்டை, பிறகு அச்சு கடையும் மிஷினையே வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி ஒரு இரைச்சல். வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சத்தம் நின்றது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை.

அவளுக்கு எண்ணுவது கைவந்த பழக்கம். லைனில் நாற்பத்தெட்டு நொடிக்கு ஒரு வயர்க்கட்டு அவள் முன்னால் வரும். கடிகாரம் பார்க்காமலே அவள் உடம்பு எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து, பதினொன்று. பதினொன்றில் அவன் கிக்கர் உதைத்த பழைய ஸ்கூட்டர் மாதிரி ஒரு திமிறு திமிறி, ‘ஹ்ர்ர்ரக்’ என்று மூச்சை இழுத்தான்.

“அத்தான்! ஏ அத்தான்! எந்திரிங்க!”

“என்னளா? பஸ் வந்துட்டா?”

“பஸ்ஸாவது ஒண்ணாவது. மூச்சு விடுதீங்களா இல்லியா?”

“விடாமலா ஒங்கிட்ட பேசுதேன்?”

“இப்ப விடுதீங்க. அப்ப விடல. பதினோரு நொடி லைன் ஸ்டாப்பு!”

“மூக்கு அடைச்சிருக்குளா. மருந்து போட்டா சரியாப் போவும்” என்று சொல்லி, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு விட்டுக்கொண்டு, திரும்பவும் தூங்கிப்போனான்.

வேல்விழி தூங்கவில்லை. கம்பெனியில் சரக்கைச் சோதிப்பதுதான் அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே இங்கே ஹாஸ்டலில் தங்கி ஆறு வருஷம் கையால் வயர் முறுக்கி, போன வருஷம்தான் சோதனை மேஜைக்கு வந்திருந்தாள். வருகிற ஒன்றாம் தேதி அவளைக் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக நிரந்தரம் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் வம்சத்தில் பெயருக்கு முன்னால் ஒரு பதவி போட்டுக்கொள்ளப்போகும் முதல் பெண். கை சும்மா இருக்குமா? பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டாள். நல்ல மூச்சுக்கு ‘ஓகே’. நின்ற மூச்சுக்கு, கம்பெனியில் கழித்துவைக்கும் சரக்குக்குப் போடுவது போலவே, ‘என்.ஜி.’. ஒரு மணி நேரத்தில் ஏழு என்.ஜி. விழுந்தது. இவ்வளவு கழிவு வந்தால் அவள் கம்பெனியில் லைனையே இழுத்து மூடிவிடுவார்கள்.

கழிவு வந்தால் கம்பெனியில் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் எழுதினாள். ஏன் மூச்சு நிற்கிறது? குறட்டை. ஏன் குறட்டை? வாய் திறந்திருக்கிறது. ஏன் வாய் திறந்திருக்கிறது? மூக்கு அடைத்திருக்கிறது. ஏன் மூக்கு அடைத்திருக்கிறது? இந்த நாலாவது ஏனுக்கு விடை தெரியாமல், ஊரிலிருக்கும் முப்பிடாதி மதினிக்குப் போன் போட்டாள். முப்பிடாதி மகாராஜாவின் கூடப்பிறந்த அக்கா. பேச ஆரம்பித்தால் போன்தான் முதலில் களைத்துப்போகும்.

“ஏட்டி வேலு, அது எங்கம்மை வீட்டு மூக்கு. எங்க பெரிய மாமா நம்பிராஜன் இருந்தாவல்லா, அவாளுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல காப்பி வர லேட்டாயிருச்சுன்னு கொஞ்சம் கண்ணசந்தாவ. விட்ட கொறட்டையில பொண்ணு வீட்டு மாடு கயித்த அத்துட்டு ஓடிட்டு. மாட்டத் தேடப் போனவன் திரும்பி வந்து பொண்ணு இல்லேன்னுட்டான். சின்ன மாமா வேல்ராஜ், கோயில் கொடைக்குப் போயி பந்தலுக்குப் பின்னால படுத்தாவ. ஜெனரேட்டர் ஓடுதுன்னு ஊரே நெனச்சிட்டு இருந்துச்சு. அவாள எழுப்புனப்பொறம்தான் ஜெனரேட்டர் நின்னு போயி அரை மணி நேரமாச்சுன்னு தெரிஞ்சுது.”

“மதினி, சிரிக்காதீய. இவுக மூச்சு நிக்கி.”

“நிக்கா?” முப்பிடாதியின் சிரிப்பும் நின்றது. “ஏட்டி, அப்ப எவளாவது பக்கத்துல இருந்து உலுக்கிட்டே இருக்கணும். ஒன்னய விட்டா அவனுக்கு அங்க யாரு இருக்கா?”

வேல்விழி நாலாவது ஏனுக்கு எதிரே ‘வம்சம்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள். வம்சத்துக்கு மேல் என்ன ஏன் இருக்கிறது?

சத்தம் கேட்டு லீலாக்கா வந்தாள். வீட்டுக்காரி, உள்ளூர்க்காரி. கொரோனா சமயத்தில் வாங்கி வைத்திருந்த, விரலைக் கவ்வி ஆக்சிஜன் அளக்கும் ஒரு சின்ன டப்பா அவளிடம் இருந்தது. அதை அவள் பீரோவில் நகையோடு நகையாக வைத்திருந்தாள்.

“இன்னாத்துக்கு இப்டி மூஞ்சிய வச்சிகினு கீற? அளந்து பாத்தா தெரிஞ்சிடப் போவுது. இடது கை ஆள்காட்டி வெரல்லதான் மாட்டணும் கண்ணு. இதயம் அந்தப் பக்கம் கீது இல்ல? அதுக்குத்தான் கிட்ட.”

தூங்குகிறவன் விரலில் மாட்டினார்கள். டப்பா யோசித்தது. கோடு ஓடியது. எண்பத்து நாலு.

“எவ்ளோ இருக்கணும் லீலாக்கா?”

லீலாக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒன்று போதாதா? கொரோனா காலத்தில் தொண்ணூறுக்குக் கீழே போனவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றியதை எல்லோரும்தான் பார்த்தார்கள். உலுக்கி எழுப்பி, உட்காரவைத்து அளந்தார்கள். எண்பத்தைந்து. மகாராஜாவோ, “பசிக்குளா” என்றான்.

“எண்பத்தஞ்சுல பசிக்குதாம்ல!” என்று அவள் அழுதாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்க அத்தான்.”

“சம்பள நாள் முடியட்டும். வெள்ளிக்கிழமை வாரேன். செத்தா போயிருவேன்?”

அந்தச் சொல்லை அவன் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். பகலில் தூங்குகிறவனைப் பகலில்தான் காவல் காக்க முடியும். பகலில் அவள் லைனில் நின்றால், பதினொன்றாவது நொடியில் யார் உலுக்குவார்கள்? இன்ஸ்பெக்டர் பதவி வேறு எவளுக்காவது போகட்டும். கட்டம் போட்ட தாளின் மிச்சத்தில் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினாள். எழுதிய எழுத்தில் பாதி கண்ணீரில் ஊறிப்போனதால் இரண்டாவது தாளில் திரும்ப எழுதினாள்.

லீவு முடிந்து போன அன்று அந்தக் கடிதத்தைச் சூப்பர்வைசர் சக்திகுமாரிடம் கொடுத்தாள். அவன் மறைமலை நகர்க்காரன். எதைப் படித்தாலும் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் போகிறவன்.

“இன்னா வேல்விழி இது? ஒண்ணாந்தேதி ஆர்டர் வரப்போவுது, நீ காரணம்னு ‘கணவருக்கு எண்பத்து நாலு’ன்னு எழுதிக்கினு வர்ற?”

“ஆக்சிஜன் சார். அளந்து பாத்துட்டேன்.”

“எதுல அளந்த?”

“டப்பாவுல.”

“மாஸ்டர் பீஸ் போட்டு டப்பாவ செக் பண்ணியா?”

வேல்விழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தினம் காலையில் சோதனை மேஜையைத் திறந்தவுடன், நல்ல சரக்கு என்று முன்பே தெரிந்த ஒரு வயர்க்கட்டை முதலில் மாட்டி, அளக்கிற கருவி ஒழுங்காக அளக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதை அளப்பார்கள். அதற்குப் பெயர்தான் மாஸ்டர் பீஸ். ஆயிரம் தடவை செய்தவள். புருஷன் என்றதும் மறந்துபோனாள்.

“லெட்டர் என் பாக்கெட்ல இருக்கட்டும். நீ மொதல்ல போயி அளக்கற கேஜ செக் பண்ணு” என்றான் சக்திகுமார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லீலாக்கா வீட்டுக்கு ஓடினாள். மாஸ்டர் பீஸுக்கு எங்கே போவது? நாற்பத்தெட்டு நொடிக்கு ஒரு தரம் குனிந்து நிமிர்கிற தன் உடம்பை விட நல்ல சரக்கு எது? தன் இடது கை ஆள்காட்டி விரலை டப்பாவுக்குள் விட்டாள்.

எண்பத்தாறு.

“லீலாக்கா, எனக்கும் போச்சு!”

“ஐயையோ, ஒட்டிக்கிச்சா!” என்று லீலாக்கா தன் இடது விரலை விட்டாள். எண்பத்து மூன்று. அப்படியே பிளாஸ்டிக் சேரில் சாய்ந்தாள். “அப்பவே நெனச்சேன். ரெண்டு நாளா நெஞ்சு கபகபன்னு கீது. நான் பாட்டுக்கு இட்லிதான் காரணம்னு வுட்டுட்டேன்.”

அவ்வளவுதான். வரிசை வீட்டின் ஆறு கதவும் திறந்தது. முதல் கதவு எண்பத்தேழு. இரண்டாவது கதவில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் எண்பத்தைந்து. நாலாவது கதவும் ஆறாவது கதவும் ஆளுக்கு எண்பத்தாறு. ஐந்தாவது கதவில் இருக்கும் ஜோதிக்கு எழுபத்தொன்பது வந்ததும், பக்கத்தில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு விலகினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சாகப் போகிறோம் என்று தெரிந்ததும் ஒருவருக்கொருவர் பிரியம் பொங்கிவிட்டது. இரண்டு மாதமாகத் தண்ணீர்க் குடத்துக்காகப் பேசாமலிருந்த ஜோதியும் முதல் கதவுக்காரியும் கட்டிக்கொண்டார்கள். “வூட்டுக்குள்ள காத்து கெட்டுப் போயிடிச்சு, அல்லாரும் வெளிய வாங்க!” என்று லீலாக்கா கத்த, ஆறு வீட்டுச் சனமும் தெருவில் நின்று கையை மேலே தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது. மகாராஜாவையும் பாயோடு வெளியே இழுத்து வந்தார்கள். அவன் பாதித் தூக்கத்தில், “ஊருக்கா போறோம்?” என்றான்.

அந்த நேரத்தில்தான் டீக்கடையிலிருந்து சுப்பராயன் வந்தார். லீலாக்காவின் வீட்டுக்காரர். தெருவில் நடப்பதைப் பார்த்து, “இன்னா, பூகம்பமா?” என்றார். அவர் பதறுவதற்குள் விரலை இழுத்து மாட்டினார்கள்.

தொண்ணூற்றெட்டு.

“பாத்தியா அநியாயத்த!” என்றாள் லீலாக்கா. “ஒரு வேல செய்யாத மனுசன். நாள் முச்சூடும் டீக்கடையில குந்திகினு பீடி இழுக்கறாரு. இவருக்குத் தொண்ணூத்தெட்டாம்!”

“நல்ல மனசுடி எனுக்கு” என்று சுப்பராயன் நெஞ்சை நிமிர்த்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள், வேல்விழி சிரிக்கவில்லை. ஒன்பது என்.ஜி., ஒரே ஒரு ஓகே. கழிந்ததில் எல்லாம் இருப்பது எது, தேறியதில் இல்லாதது எது? அதுதானே அவள் தினமும் தேடுவது. சுப்பராயன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். தன் விரலைப் பக்கத்தில் வைத்தாள். அவள் நகத்தில் பாதிக்கு மேல் கருப்பு ஏறியிருந்தது. அவர் நகம் வெள்ளையாக இருந்தது.

“அண்ணாச்சி, நீங்க ஓட்டுப் போடலியா?”

சுப்பராயன் முகம் சுருங்கியது. “எதுக்குப் போடணும்? ரெண்டு கட்சிக்காரனும் என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு வரல. பத்திரிக வச்சேன், ரெண்டு பேரும் வரல. நான் ஏன் போவணும்?”

வேல்விழி டப்பாவைக் கழற்றித் தன் வலது கை விரலில் மாட்டினாள். தொண்ணூற்றொன்பது. இரண்டாவது கதவு, வலது கை, தொண்ணூற்றெட்டு. ஜோதி, தொண்ணூற்றேழு. ஒவ்வொரு எண்ணுக்கும் தெருவில் விசில் பறந்தது. கடைசியாகப் பாயில் உட்கார்ந்திருந்த மகாராஜாவின் வலது கையை எடுத்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மாட்டினாள். தொண்ணூற்றேழு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. நகத்தில் ஒளியை விட்டுப் பார்க்கிற டப்பாவுக்கு, தேர்தல் மை ஏறிய நகம் திரை போட்ட ஜன்னல். அது தெரியாமல் ஓட்டுப் போட்ட ஊரையே சாகடித்துவிட்டார்கள். ஜோதியும் முதல் கதவுக்காரியும் கட்டிக்கொண்டதை நினைத்து வெட்கப்பட்டு விலகினார்கள். குடத்துச் சண்டை மட்டும் திரும்ப வரவில்லை.

ஆனாலும் பதினோரு நொடி பொய்யில்லையே. அது காலண்டர் தாளில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவனைப் படப்பையில் காது மூக்கு தொண்டை டாக்டர் இசைவாணியிடம் இழுத்துப் போனாள். டோக்கன் எண் பதினாலு. பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மகாராஜா தூங்கிப்போனான். பத்தாவது நிமிஷம் டாக்டர் அம்மாவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“இவரா? இவர முதல்ல அனுப்புங்க. மத்தவங்க சொல்றது எனக்குக் கேக்கல.”

வேல்விழி தாளை நீட்டினாள். டாக்டர் ஓகேயையும் என்.ஜி.யையும் பார்த்துச் சிரிக்கவில்லை, கவனமாகப் படித்தார். “எனக்கு வர்ற பேஷண்டுங்க யாரும் இப்படிக் கணக்கு கொண்டுவந்ததில்லம்மா” என்றவர், நாலாவது ஏனில் விரலை வைத்தார். “வம்சம்னு நிறுத்திட்டீங்க. சரி, மூக்கு அடைக்கும்போது என்ன பண்ணுவார்?”

“சொட்டு மருந்து போடுவாக.”

“எத்தனை நாளா?”

மகாராஜா விரல் விட்டான். “ஐப்பசியில சளி பிடிச்சுது. அதுலேருந்து.”

“ஏழு மாசமா?” டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “அத அஞ்சு நாளுக்கு மேல போடவே கூடாது. போட்ட உடனே திறக்கும். விட்டா முன்னைவிட அதிகமா வீங்கும். இப்ப உங்க மூக்க அடைக்கிறதே அந்த மருந்துதான்.”

அதுதான் ஐந்தாவது ஏன். வேல்விழி பேனாவை வாங்கி அங்கேயே எழுதிக்கொண்டாள்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். மூக்கு அடைத்தால் வாய் வழியாகக் காற்று போய்விடும். அதனாலேயே ஆக்சிஜன் சரிந்துவிடாது. ஆனால் வாயைத் திறந்து மல்லாந்து தூங்கும்போது நாக்கு பின்னால் சரியும், தொண்டை குறுகும், குறட்டை வரும். சிலருக்குக் கொஞ்ச நேரம் மூடியே போகும். அப்போது ஆக்சிஜன் இறங்கும். உடம்பு பதறி அவர்களைப் பாதி எழுப்பிவிடும். எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத மாதிரி இருப்பது அதனால்தான். யாருக்கு எவ்வளவு என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். ஒரு கருவியைக் கொடுத்து, வழக்கமாகத் தூங்குகிற பகலிலேயே மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்.

“வலது கையில” என்று வேல்விழி முந்திக்கொண்டு சொன்னாள்.

முடிவு வந்தது. மூச்சு குறுகுவது உண்டு. ஆனால் லேசான வகை. ஆக்சிஜன் இறங்கிய மிகக் குறைந்த அளவே தொண்ணூற்று மூன்று. மல்லாந்து படுத்தால்தான் தொந்தரவு. ஒருக்களித்துப் படு, சொட்டு மருந்தை விடு, உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவு, நான் எழுதித் தருகிற வேறு மருந்தை மூக்கில் அடி, ஒரு மாதம் கழித்து வா. பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டுமா என்று வேல்விழி கேட்டாள். “வேண்டாம்மா, நீங்க வேலைக்குப் போங்க” என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பஸ்ஸில் வரும்போது ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள்.

சொட்டு மருந்தை விட்ட முதல் வாரம் மகாராஜா பட்ட பாடு கொஞ்சமல்ல. குப்பியை லீலாக்காவின் பீரோவில் நகைக்கு நடுவே பூட்டி வைத்தார்கள். மல்லாக்கப் புரளாமல் இருக்க அவன் பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தாள். பத்தாம் நாள் காலை, வேல்விழி பஸ்ஸுக்கு முன்னால் புளிக்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து சீக்கிரமே வந்து படுத்தவன், கண்ணைத் திறக்காமல் சொன்னான்:

“ஏளா, குழம்பு அடி பிடிக்கி.”

கரண்டி அவள் கையிலிருந்து விழுந்தது. கல்யாணமான இந்த நாலு மாதத்தில் அவன் ஒரு நாள் கூட அப்படிச் சொன்னதில்லை. வைத்ததை எல்லாம் ‘அருமை, அருமை’ என்று தின்றவன். கருகியதையும் அருமை என்றான்; உப்புப் போடாததையும் அருமை என்றான். ஊரெல்லாம், ‘எங்க அத்தான் என் சமையலுக்கு மயங்கிக் கிடக்காக’ என்று அவள் பீற்றியிருந்தாள்.

“அத்தான்! வாசம் தெரியுதா?”

“தெரியுதே. பெருங்காயமும் கூடப் போட்டுட்ட.”

“இன்னும் சொல்லுங்க அத்தான், இன்னும் கொறை சொல்லுங்க!” என்று அவள் அடுப்பங்கரையில் குதித்தாள். ஆனால் குறை சொல்ல அவன் விழித்திருக்கவில்லை. ஒருக்களித்தவாறே தூங்கிப்போயிருந்தான். வாய் மூடியிருந்தது. அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. நூறு வரைக்கும் நின்று எண்ணினாள். ஒரு என்.ஜி. கூட இல்லை.

பஸ் ஹாரன் கேட்டது. சக்திகுமார் பாக்கெட்டில் இருக்கும் கடிதத்தை முதல் வேலையாகத் திரும்ப வாங்க வேண்டும். பையை எடுத்தபோது சோதனை மேஜையின் பச்சை மார்க்கர் பேனா கையில் தட்டியது. தேறிய சரக்கின் மேல் புள்ளி வைக்கும் பேனா. குனிந்து, அவன் மூக்கு நுனியில் வட்டமாக ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டு ஓடினாள். நகத்தில் வைக்கவில்லை.

அன்றிரவு அந்தப் புள்ளியோடுதான் மகாராஜா கம்பெனி பஸ் ஏறினான். வழி முழுக்க எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தின் களை என்று அவன் நினைத்துக்கொண்டான்.